‘வராது’ என்று சொல்லப்பட்ட பிள்ளை

ஏழாம் வகுப்பில் ஒரு நாள், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவன் ஒருவனைக் கணக்கு ஆசிரியர் கரும்பலகைக்கு அழைத்தார். பின்னங்களைக் கூட்டும் கணக்கு அது. பகுதிகள் வேறுபட்டிருந்ததால் முதலில் மீச்சிறு பொதுமடங்கு காண வேண்டும். அவன் சாக்பீஸைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றான். பிறகு தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி எழுதிவிட்டு, சரியா என்று கேட்பது போலத் திரும்பிப் பார்த்தான். ஆசிரியர் கோபப்படவில்லை, பிரம்பையும் எடுக்கவில்லை. “உனக்குக் கணக்கு வராதுடா, போய் உட்கார்” என்று, எல்லோருக்கும் தெரிந்த செய்தி ஒன்றை நினைவூட்டுபவர் போலச் சொல்லிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அந்த வாரம் முடிவதற்குள் எங்களில் சிலர் அவனை ‘வராது’ என்றே கூப்பிடத் தொடங்கியிருந்தோம். நானும் கூப்பிட்டேன்.

சொல் காயப்படுத்தும் என்பதைத் தமிழில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்த வகைச் சொல் ஆழமாக இறங்குகிறது, யார் வாயிலிருந்து, யார் முன்னால் வரும்போது இறங்குகிறது, இறங்கியபின் அது அந்தப் பிள்ளைக்குள் மட்டும் நிற்கிறதா, சுற்றியிருப்பவர்களின் நடத்தையையும் மாற்றுகிறதா என்பவற்றைத்தான் நாம் போதுமான அளவு யோசிப்பதில்லை. இவற்றை நெருங்கிப் பார்க்க வகுப்பறையை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. வயதில் பெரியவர் ஒருவர், சட்டமும் பெற்றோரும் கொடுத்த அதிகாரத்தோடு, இன்னும் தன்னைப் பற்றி எதையும் முடிவு செய்திராத பிள்ளைகளிடம், மற்றப் பிள்ளைகள் கேட்கும்படி, ஆண்டில் 200 நாளுக்கும் மேல் பேசுகிற இடம் அது.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். ‘நான் கணக்குப் போடுகிறேன்’ என்று சொல்லும்போது வாக்கியத்தின் எழுவாய் நான், செய்பவன் நான். ‘எனக்குக் கணக்கு வரும்’ என்று சொல்லும்போது எழுவாய் கணக்காகிவிடுகிறது. நான் நான்காம் வேற்றுமைக்குப் போய், வருவதைப் பெற்றுக்கொள்பவனாக ஒதுங்கி நிற்கிறேன். பசி வருவது போல, காய்ச்சல் வருவது போல, தூக்கம் வருவது போலக் கணக்கும் பாட்டும் நீச்சலும் ஆங்கிலமும் நமக்கு ‘வருகின்றன’. இந்த அமைப்பில் குற்றம் எதுவும் இல்லை. திறமை கைகூடும் அனுபவத்தை அது அழகாகவே சொல்கிறது. ஆனால் எதிர்மறைக்குத் திரும்பும்போது மொழி நமக்கு இரண்டு வழிகளைத் தருகிறது. ‘கணக்கு வரவில்லை’ என்றால் இதுவரை நடந்ததைப் பற்றிய செய்தி, நாளை வரலாம். ‘கணக்கு வராது’ என்பதில் காலம் காட்டும் இடைநிலையே கிடையாது. நேற்றும் இன்றும் நாளையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பேச்சு வழக்கில் அது பெரும்பாலும் எதிர்காலத்தை நோக்கியே நீள்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்பவர், அவன் பிழையைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவன் வாழ்நாளைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறார். வருவதும் வராமல் போவதும் கணக்கின் விருப்பம் என்றாகிவிட்டபின், அந்தப் பிள்ளை செய்வதற்கு அங்கே என்ன மிச்சமிருக்கிறது?

‘உருப்படமாட்டாய்’, ‘உனக்குப் படிப்பு ஏறாது’, ‘நீ தேறாத கேஸ்’ என்று நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் புழங்கும் வசவுகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை இதே எதிர்மறையில், இதே மூடிய காலத்தில் அமைந்திருக்கும். ‘ஏன் இப்படிப் போட்டாய், அழித்துவிட்டுத் திரும்பப் போடு’ என்று உரத்துக் கத்தும் ஆசிரியர், காதுக்குக் கடுமையாக இருந்தாலும், செய்த செயலைத்தான் கண்டிக்கிறார். ‘திரும்ப’ என்ற சொல்லில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. அமைதியாகச் சொல்லப்படும் ‘வராது’ அந்த வாசலைச் சாத்துகிறது. கோபத்தில் வந்த சொல்லைக் கோபத்தின் மேல் பழிபோட்டுப் பிள்ளைகள் உதறிவிடுவதுண்டு. நிதானமாகச் சொன்னதை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் சத்தத்தை விட இந்த அமைதிக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

பெரியவர் ஒருவர் வாயால் ‘நீ இப்படிப்பட்டவன்’ என்று சொல்வது மட்டுமே ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதை, எவரும் ஒருபோதும் செய்திருக்கக் கூடாத சோதனை ஒன்று காட்டியது. 1939 ஜனவரி முதல் மே வரை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் நகரிலிருந்த அனாதை விடுதி ஒன்றில் அது நடந்தது. அயோவா பல்கலைக்கழகத்தில் பேச்சுக் குறைபாடுகளை ஆராய்ந்துவந்த வெண்டல் ஜான்சன், தாமே திக்கிப் பேசியவர். எல்லாக் குழந்தைகளுக்கும் இயல்பாக வரும் சிறு தடுமாற்றங்களைப் பெரியவர்கள் ‘திக்குவாய்’ என்று பெயரிட்டுத் திருத்தத் தொடங்குவதால்தான் அது நோயாகிறது என்பது அவர் கருத்து. அதைச் சோதிக்கும் பொறுப்பை மேரி டியூடர் என்ற முதுகலை மாணவியிடம் ஒப்படைத்தார். விடுதியின் 22 பிள்ளைகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களில் 10 பேர் ஏற்கெனவே திக்கிப் பேசுபவர்கள் என்று கருதப்பட்டவர்கள், 12 பேர் சரளமாகப் பேசியவர்கள். சரளமாகப் பேசிய அந்த 12 பேரில் 6 பேரிடம், அவர்கள் பேச்சில் திக்கல் தொடங்கிவிட்டது என்றும், உடனே அடக்க வேண்டும் என்றும், சரியாகப் பேச முடியாவிட்டால் பேசவே வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது. விடுதியின் ஆசிரியர்களிடமும் காப்பாளர்களிடமும் இதே செய்தி தரப்பட்டது. அவர்களும் அந்தப் பிள்ளைகள் பேசும்போதெல்லாம் நிறுத்தித் திருத்தினார்கள்.

அந்த 6 பேரும் மருத்துவப் பொருளில் திக்குவாயர்களாகிவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்த பேச்சு மருத்துவ அறிஞர்களும் ஜான்சனின் கொள்கைக்கு அதில் ஆதாரம் இல்லை என்றே முடிவு செய்தார்கள். ஆனால் வேறொன்று நடந்தது. அந்தப் பிள்ளைகள் பேசத் தயங்கினார்கள். ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார்கள். தம் வாயிலிருந்து வரும் ஒவ்வோர் ஒலியையும் தாமே காவல் காத்தார்கள். சிலருடைய படிப்பும் கீழே போனது. சோதனை முடிந்தபின் டியூடர் திரும்பத் திரும்ப அந்த விடுதிக்குப் போய், உங்கள் பேச்சில் குறையே இல்லை என்று சொல்லிப் பார்த்தார். சொன்னது ஐந்து மாதத்தில் இறங்கிவிட்டது; திரும்ப எடுக்க அவரால் முடியவில்லை. ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் பேசப்படாமல் கிடந்தது. 2001இல் பத்திரிகைச் செய்தியொன்று அதை வெளிக்கொண்டுவந்தபோதுதான் முதுமையடைந்துவிட்ட அந்தப் ‘பிள்ளைகள்’ தமக்கு நடந்தது சோதனை என்றே அறிந்தார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் உயிரோடிருந்தவர்களுக்கும் இறந்தவர்களின் வாரிசுகளுக்குமாக 9,25,000 டாலர் தர மாநில அரசு இணங்கியது.

இந்தச் சோதனையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கொடுமையைக் கண்டு திகைப்பதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது காப்பாளர்களின் பங்கு. டியூடர் நேரில் பேசியது சில முறைதான். அந்தச் சில நிமிடப் பேச்சு, விடுதியில் இருந்த மற்றப் பெரியவர்களின் காதுகளை மாற்றிவிட்டது. அதன்பின் அவர்கள் அந்தப் பிள்ளைகளின் பேச்சில் தடுமாற்றத்தை மட்டுமே கேட்டார்கள். சொல்லப்பட்ட சொல் சில முறைதான். அதை நம்பியவர்களின் நடத்தையாக அது நாள்தோறும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது.

நம் பள்ளிகளில் இது நடக்கும் இடம் ஆசிரியர் ஓய்வறை. ஜூன் மாதம் வகுப்புகள் பிரிக்கப்படும்போது, போன ஆண்டு பாடம் எடுத்தவர் இந்த ஆண்டு எடுக்கப்போகிறவரிடம், “ஏழு பி-யா? அந்தக் கடைசி இரண்டு வரிசையை விட்டுவிடுங்கள், நேரம்தான் வீண்” என்று நல்லெண்ணத்தோடே சொல்கிறார். பிள்ளைகளின் காதில் அந்தச் சொல் விழுவதே இல்லை. ஆயினும் அது வேலை செய்கிறது. ராபர்ட் ரோசந்தால் என்ற உளவியலாளரும் லெனோர் ஜேக்கப்சன் என்ற பள்ளி முதல்வரும் சேர்ந்து 1960களின் நடுவில் கலிபோர்னியாவின் தொடக்கப்பள்ளி ஒன்றில் இதன் மறுபக்கத்தைச் சோதித்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைத்துவிட்டு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, இவர்கள் இந்த ஆண்டில் மலரப்போகிறவர்கள் என்று சொன்னார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் சீட்டுக் குலுக்கியது போல எடுக்கப்பட்டவை. ஆண்டு முடிவில், குறிப்பாக முதல் இரண்டு வகுப்புகளில், அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண்கள் மற்றவர்களுடையதை விட அதிகமாக உயர்ந்திருந்தன. 1968இல் வெளியான இந்த முடிவைப் பலர் கடுமையாக விமர்சித்தார்கள். மேல் வகுப்புகளில் விளைவு தெளிவாக இல்லை. பின்னாளில் நடந்த ஆய்வுகள் பொதுவாக இதன் அளவு சிறியது என்றே கண்டன. ஆனால் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் சொன்ன இன்னொன்றை நாம் கவனிக்காமல் விடக் கூடாது: சமூகம் ஏற்கெனவே தாழ்த்தி மதிப்பிடும் பிரிவுகளைச் சேர்ந்த பிள்ளைகளிடம் இந்த விளைவு கூடுதலாக இருக்கக்கூடும்.

நம்பிக்கை எந்த வழியாகப் பிள்ளையிடம் போய்ச் சேர்கிறது என்பதற்கு ஒரு சிறு உதாரணம் போதும். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1960களின் இறுதியில் தொடங்கி, வகுப்பறைப் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடி. நன்றாகப் படிப்பவர்கள் என்று தாம் கருதிய பிள்ளைகளுக்கு அவர்கள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். மந்தமானவர்கள் என்று கருதியவர்களுக்குக் குறைவாகக் காத்திருந்தார்கள். யாருக்கு யோசிக்க நேரம் வேண்டுமோ அவனுக்கு நேரம் குறைகிறது. பதில் வராதபோது, ‘நான் சொன்னேனே’ என்ற உறுதி ஆசிரியருக்குக் கூடுகிறது. எங்கள் வகுப்பில் நடந்ததும் இதுதான். அந்தக் கரும்பலகை நாளுக்குப் பின் அவனிடம் கேள்வி போவது முதலில் குறைந்தது, பிறகு நின்றது. யாரும் அவனைத் தண்டிக்கவில்லை. அவனை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அரையாண்டுத் தேர்வில் அவன் எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்து ஆசிரியர் வியப்படையவில்லை.

பிள்ளையின் மேல் ஒட்டப்படும் சொற்களில், வசவு என்றே அடையாளம் காணப்படாதவை மிக மோசமானவை. ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்ற வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்போம்! மாடு மேய்க்கும் தாயின் பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, யாரோ ஒருவனை நோக்கி எறியப்பட்ட அந்தச் சொல் அவனையும் தாண்டி அவன் வீட்டுக்குள் போய் விழுகிறது. தன் அம்மா செய்யும் வேலை, படிக்காதவனுக்குக் கொடுக்கப்படும் தண்டனை என்று அவன் அன்றைக்குத் தெரிந்துகொள்கிறான். உதவித்தொகைப் படிவம் நிரப்பும் நாளில், “எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்” என்று வகுப்பில் சொல்லப்படுவதையும் நான் கேட்டிருக்கிறேன். சொன்னவருக்கு அது அலுவலக வேலை.

அந்த அலுவலக வாக்கியம் என்ன செய்கிறது என்பதைக் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் அளந்து பார்த்தார்கள். ஆதிக்கச் சாதிகளையும் பட்டியல் சாதிகளையும் சேர்ந்த 642 சிறுவர்கள், ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், சிறு குழுக்களாக உட்கார்ந்து தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும்; தீர்த்த ஒவ்வொன்றுக்கும் பணம் உண்டு. சாதியைப் பற்றி எதுவும் பேசப்படாத குழுக்களில் இரு தரப்புச் சிறுவர்களும் ஏறத்தாழச் சமமாகவே தீர்த்தார்கள். வேறு குழுக்களில், தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவருடைய பெயர், ஊர், தந்தை பெயர், பாட்டனார் பெயர் ஆகியவற்றோடு சாதியும் சேர்த்து உரக்கப் படிக்கப்பட்டது. அங்கே பட்டியல் சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகச் சரிந்தது. யாரும் அவர்களை இழிவாகப் பேசவில்லை, மிரட்டவில்லை. ஒரு சொல் உரக்க வாசிக்கப்பட்டது. கிராமத்துப் பிள்ளைகள் ஒருவர் சாதியை மற்றவர் பெரும்பாலும் முன்பே அறிந்திருப்பார்கள். தெரிந்த ஒன்றை, அதிகாரத்தில் இருப்பவர் எல்லோர் முன்னும் வாய்விட்டுச் சொன்னபோது, இங்கே அதுதான் கணக்கு என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்றால், தாளில் மிகத் தெளிவாகவே நிற்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கைக்கும் வழி செய்கிறது. எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதையே கடினமாக்கும் கற்றல் குறைபாட்டால் தடுமாறும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் அக்குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்தது. பிரம்பு பெரும்பாலும் மறைந்ததற்குச் சட்டம் ஒரு காரணம் என்றே நம்புகிறேன். பிரம்பு தழும்பை விடுகிறது, புகைப்படம் எடுக்கலாம், தலைமையாசிரியரிடம் காட்டலாம். ‘வராது’ என்ற சொல்லுக்குச் சாட்சி சொல்ல எந்தப் பிள்ளை வீட்டில் வாய் திறப்பான்? சொன்னால் அப்பாவும், “வாத்தியார் சரியாகத்தானே சொல்லியிருக்கிறார்” என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம் அவனுக்கு.

அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு. வீட்டில் பேசப்படுவது பள்ளியில் பேசப்படுவதை விட ஆழமாக இறங்கக்கூடியது. பாஸ்டன் பகுதியில் மார்ட்டின் டைச்சர் (Teicher) என்ற மனநல ஆய்வாளரும் அவர் குழுவினரும் 18 முதல் 22 வயதுக்குட்பட்ட 554 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் பெற்றோரின் சொல்லடிக்கு ஆளானவர்களிடம் காணப்பட்ட மனச்சோர்வு, பதற்றம் முதலியவற்றின் அளவு, வீட்டில் வன்முறையைக் கண்டு வளர்ந்தவர்களிடம் காணப்பட்ட அளவோடு ஒப்பிடத் தக்கதாக இருந்தது. நினைவிலிருந்து சொல்லப்பட்டவற்றை வைத்து எடுத்த அளவு அது, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும், கை நீட்டியதில்லை என்பதையே பெருமையாகச் சொல்லும் பெற்றோர் அதைப் படித்துப் பார்க்கலாம்.

இவ்வளவு சொன்னபின், அப்படியானால் பாராட்டுங்கள், எப்போதும் நல்லதையே சொல்லுங்கள் என்ற இடத்துக்குத்தான் பேச்சு வழக்கமாகப் போகும். அந்த வழி அவ்வளவு நேரானதாக இல்லை. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் ஆகிய இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு முதலில் நடுத்தரமான புதிர்களைக் கொடுத்து, நன்றாகச் செய்தாய் என்று சொன்னபின் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்கள். சிலரிடம் நீ கெட்டிக்காரப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்றும், சிலரிடம் நீ நன்றாக உழைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்து எல்லோரையும் தடுமாற வைத்தார்கள். அதன்பின் மீண்டும் நடுத்தரமான புதிர்கள் வந்தபோது, உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள்; கெட்டிக்காரர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். தம் மதிப்பெண்ணை முகம் தெரியாத வேறொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, கெட்டிக்காரர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் கூட்டி எழுதினார்கள். உழைப்பைப் பாராட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதிலிருந்து கிளம்பிய பெரும் பிரசாரத்தின் பலன்கள் பிற்காலச் சோதனைகளில் சிறிதாகவே தெரிந்தன என்பது வேறு விஷயம். ஆனால் ‘கெட்டிக்காரி’ என்ற சொல்லும் ஒரு முத்திரைதான் என்பதை எத்தனையோ முதல் மதிப்பெண் பிள்ளைகளின் முகத்தில் காணலாம். எப்போதும் முதலிடம் வரும் பெண், தெரியாத கேள்விக்குக் கை தூக்குவதில்லை. அவளுக்கு அது ஒரு கேள்வியில் தோற்பது ஆகாது, தன் பெயரையே இழப்பதாகும்.

ஊக்கம் தரும் சொல்லுக்கு வேறு அமைப்பு இருக்கிறது. அது பிழையை மறைப்பதில்லை. அமெரிக்காவில் டேவிட் யேகர், ஜெஃப்ரி கோஹன் முதலியோர் 2014இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம் போலத் திருத்தித் தந்தார்கள். பாதிப் பேருடைய தாளில், நான் உன்னிடம் உயர்வாக எதிர்பார்க்கிறேன், உன்னால் அந்த இடத்துக்கு வர முடியும் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தத் திருத்தங்களைத் தருகிறேன் என்ற பொருளில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. மற்றவர்களுக்குப் பொதுவான ஒரு வரி. கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதித் தருவது பிள்ளைகளின் விருப்பம். கறுப்பினப் பிள்ளைகளில், பொதுவான வரியைப் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினரே திருத்தி எழுதினார்கள். அந்தச் சீட்டைப் பெற்றவர்களில் 72 விழுக்காட்டினர் எழுதினார்கள். அது எழுத்தில் வந்த சொல் என்றாலும், வாயால் சொல்லக்கூடிய சொல்தான். நம் ஊரில் நல்ல ஆசிரியர்கள் எந்த ஆய்வையும் படிக்காமல் சொல்லிவருவதும்தான். “நீ போடுவாய் என்று தெரிந்துதான் கேட்கிறேன், யோசி” என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும் ஆசிரியரை ஒருவராவது நமக்கு வாய்த்திருப்பார். கண்டிப்பும் நம்பிக்கையும் அந்த வாக்கியத்தில் ஒன்றாகவே வருகின்றன. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நிற்காது.

தமிழ்நாட்டு அரசு 2022 ஜூனில், கொரோனாக் காலத்தில் விழுந்த கற்றல் இடைவெளியை ஈடுகட்ட, தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியபோது, பிள்ளைகளை அவர்கள் நிற்கும் படிநிலைக்கு ஏற்பப் பிரித்து அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டது. இந்தப் பெயர்களைத் தேர்ந்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். ‘மெல்லக் கற்போர்’ என்ற பெயரைப் பெற்ற பிள்ளை அடுத்த ஆண்டும் மெல்லக் கற்பவனாகவே இருக்கலாம். அரும்பு அரும்பாகவே இருக்க முடியாது. அந்தச் சொல்லுக்குள்ளேயே காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ‘அவன் அரும்புதான்’ என்ற தொனியில் ‘தான்’ சேர்ந்துவிட்டால் அந்தப் பெயரும் கெட்டிப்பட்டுவிடும். தொனியைக் கட்டுப்படுத்த எந்தச் சுற்றறிக்கையாலும் முடியாது.

ஆசிரியர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போவது நியாயமாக இராது. நாற்பது ஐம்பது பிள்ளைகள், எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளப் பதிவுகள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டுக்காகக் கூட்டங்களில் எழுப்பி நிறுத்தப்படும் அவமானம் என எல்லாம் அவர்கள் தலையில் இருக்கின்றன. “உங்கள் பள்ளி உருப்படாது” என்று மேலே இருப்பவர் சொன்னதைத்தான் பலர் கீழே வகுப்பறைக்குக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். எங்கள் கணக்கு ஆசிரியரும் கெட்டவர் இல்லை. காய்ச்சலில் கிடந்த மாணவனின் வீட்டுக்குச் சைக்கிளில் போய்ப் பார்த்தவர் அவர். அந்த வாக்கியத்தைச் சொன்னது அவருக்கு நினைவில்கூட இருந்திருக்காது என்று நினைக்கிறேன். சொன்னவருக்கு மறந்துபோவதுதான் இதில் உள்ள பெரிய சிக்கல். டியூடர் போலத் திரும்பிப் போய் எடுக்க முயல்வதற்கும், சொன்னது நினைவில் இருக்க வேண்டுமே.

எனக்கு நினைவில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் மண்டியில் அவனைப் பார்த்தேன். விடிவதற்கு முன்பே சந்தை கூடியிருந்தது. ஒரு விவசாயியின் கத்தரிக்காய் மூட்டை தராசில் 37 கிலோ காட்டியது. அன்றைய விலை கிலோ 28 ரூபாய். “நாப்பது இருபத்தெட்டு ஆயிரத்து நூத்தியிருபது, மூணு இருபத்தெட்டு எம்பத்தி நாலு போக ஆயிரத்து முப்பத்தாறு” என்று முணுமுணுத்துக்கொண்டே கமிஷனையும் இறக்குக் கூலியையும் கழித்து, எழுதுவதற்கு முன்பே தொகையைச் சொல்லிவிட்டான். கையில் கால்குலேட்டர் இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காய் முதலியவற்றை விற்ற பிள்ளைகளை 1985இல் வெளிவந்த ஆய்வில் மூன்று ஆய்வாளர்கள் இப்படித்தான் கண்டார்கள்: விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டைச் சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அதே கணக்குகளை எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காட்டையே சரியாகப் போட்டார்கள்.

தேநீர் குடிக்கும்போது, ஏழாம் வகுப்பில் அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்காக வருத்தம் தெரிவித்தேன். அதெல்லாம் எந்தக் காலம் என்று கையை அசைத்தான். மகள் ஆறாம் வகுப்பு படிப்பதாகவும், வீட்டுக் கணக்கில் சந்தேகம் கேட்டால் அம்மாவிடம் அனுப்பிவிடுவதாகவும் சொன்னான். ஏன் என்று கேட்டேன். “நமக்குத்தான் கணக்கு வராதே” என்றான். சற்று முன் அந்தக் கத்தரிக்காய் மூட்டைக்கு நீ போட்டது என்ன என்று கேட்டேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான் ஏதோ புரியாமல் பேசுவது போல என்னைப் பார்த்தான்.

“அது கணக்கு இல்லப்பா. அது யாவாரம்.”